பதினோராவது பெயர்

13.02.2005, ஞாயிறு

உதைபந்தாட்ட லீக்கின் பதிவேட்டைச் சுனாமிக் கடல் கொண்டுபோய்விட்டது. பதிவுச் செயலாளர் நான்தானே, வீரர்களின் பெயர்களை மறுபடி எழுதும் வேலையும் என் தலையில். விசாரித்தது பாதி, ஞாபகத்தில் இருந்தது பாதி. செத்தவர்களின் பெயரையும் கை தன்பாட்டுக்கு எழுதிவிடுகிறது. இன்று மட்டும் மூன்று பெயர் வெட்டினேன்.

பெரியகல்லாற்றுக் கழகத்தில் மிஞ்சியது பத்துப் பேர். பதினொருவர் இல்லாவிட்டால் கழகத்தை நீக்க வேண்டும், அது விதி. அவர்களுடைய தலைவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். நான் பதினோராவதாக சுபாகரனின் பெயரை எழுதிவிட்டேன். அவன் மார்கழி முதல் கிழமையே விலகிவிட்டான், வாழைச்சேனைக் கழகத்துக்குப் போகவென்று. விலகல் கடிதத்தை என் கையில்தான் தந்தான். அதுவும் பதிவேட்டோடு போயிற்று. ஆட்டம் தொடங்குமுன் திருத்திக்கொள்ளலாம். அதுவரைக்கும் அந்தக் கழகம் இருக்கட்டும்.

29.05.2005

வாழைச்சேனைப் பட்டியல் வந்தது. அதில் சுபாகரன் இருக்கிறான். கல்லாற்றிலும் புதிதாக ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். அங்கே அவன் பெயரை வெட்ட வேண்டும். நாளைக்கு.

18.09.2005, ஞாயிறு

அரையிறுதி. சுபாகரன் இரண்டு கோல். கொழும்புக் கழகம் ஒன்றின் ஆள் பார்க்க வந்திருந்தார். மாதச் சம்பளத்தோடு எடுக்கலாம் என்று சொன்னாராம். அவன் சிரித்த சிரிப்பை மைதானமே பார்த்தது.

தோற்ற அணி பின்னேரமே எதிர்ப்பு மனுக் கொடுத்துவிட்டது. ஒரே ஆள் இரண்டு கழகத்தில் பதிவாம்.

நான் வெட்டவேயில்லை. மறந்தே போனேன்.

08.10.2005, சனி

விசாரணை. எழுதத்தான் வேண்டும்.

லீக் தலைவர் கனகசூரியம் பதிவேட்டை விரித்து வைத்தார். இரண்டு பக்கத்திலும் என் கையெழுத்து. சுபாகரன் எழும்பி நின்று, “கடிதம் குடுத்தனான் சேர். இவர்ட கையிலதான் குடுத்தனான்” என்று என்னைக் காட்டினான். எல்லாரும் திரும்பினார்கள்.

“எனக்கு ஞாபகமில்ல” என்றேன்.

அவ்வளவுதான். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் மறதி என்றால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சீ.

விலகினவன் என்று அறிந்துகொண்டே பதிந்தேன் என்று தெரிந்தால் பதவி போகும், பேர் போகும். அதற்குத்தான் இவ்வளவும்? என்ன பெரிய பதவி — ஒரு மேசை, ஒரு ரப்பர் முத்திரை.

தீர்ப்பு: சுபாகரனுக்கு இரண்டு வருடத் தடை. அதே ஆட்டத்தில் நடுவரைப் பிடித்துத் தள்ளியவனுக்கு இரண்டே இரண்டு ஆட்டம். அவனுக்காகப் பேச ஆள் இருந்தது. தடைக் கடிதத்தைக் கொழும்புக்கும் அனுப்பச் சொன்னார்கள். தட்டச்சு செய்ததும் நான்தான்.

10.10.2005

அனுப்பிவிட்டேன்.

02.11.2005

கொழும்புக் கழகம் சுபாகரனை வேண்டாம் என்றுவிட்டது. சந்தையில் அவனைக் கண்டு நான் மீன் வாங்காமலே திரும்பினேன். வீட்டில் மனிசி ஏன் என்று கேட்டாள். விலை கூடிப்போச்சு என்று சொன்னேன். இப்போது பொய் எவ்வளவு இலேசாக வருகிறது.

07.10.2007

இன்றோடு அவனுடைய தடை முடிகிறது. ஆனால் சண்டையால் ஆட்டங்களே இல்லை. இந்த வருடம் மைதானத்தில் பந்தைவிட அகதிக் கூடாரங்களைத்தான் அதிகம் கண்டேன். அவனுக்கு இருபத்தாறு ஆகியிருக்கும்.

14.06.2009, ஞாயிறு

சண்டை முடிந்து முதல் கூட்டம். லீக்கை மறுபடி தொடங்கப் போகிறார்கள். தொடக்க விழாவில் எனக்குப் பொன்னாடையாம். சுனாமிக்குப் பிறகு பதிவேட்டை மீட்டுத் தந்தவராம். கை தட்டினார்கள். எழும்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் — கடிதம் வாங்கியதை, பதினோராவது பெயரை, ஞாபகமில்லை என்ற பொய்யை.

கனகசூரியம், “அந்த நேரம் ஆருக்குத்தான் தலை சரியாக் கிடந்த, நல்லரத்தினம்? கழகத்தக் காப்பாத்தத்தானே செஞ்ச. விடுங்க” என்றார். விசாரணை இல்லை, மனு இல்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுபாகரன் குற்றமற்றவன் என்று ஒரு கடிதம் கொடுப்பதாக முடிவு. பொன்னாடை மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, பணிவாம்!

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

20.06.2009, சனி

வாழைச்சேனைத் துறைமுகம். சுபாகரன் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தொப்பை வைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, “வாங்க சேர்” என்றான். அந்த மரியாதையே என்னைக் கொன்றது.

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஞாபகம் இருந்தும்தான் இல்லை என்றேன் என்பதையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. கடிதத்தை வாங்கி, கடைசியில் இருந்த முத்திரைவரை வாசித்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

“உங்களுக்கு எத்தின வருசம் தடை போட்டவங்க சேர்?”

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“ஒண்டும் போடல்ல” என்றேன்.

“ஓ” என்றான். கடிதத்தை மடித்து என் கையில் திருப்பித் தந்துவிட்டு, காத்துக்கொண்டிருந்த படகுக்கு ஐஸ் ஏற்றப் போய்விட்டான்.