யார் முதலில் களைப்பது

இஞ்சேருங்கோ,

நேற்று நெடுந்தீவுப் பெருநாளில் தோளில் தூக்கிய மாதாவின் சுருவம் கோயில் வாசலைத் தாண்டியதும் தலைக்கு மேல் ஒரு இரைச்சல் கேட்டது. கையில் பிடித்திருந்த மெழுகுதிரியைப் போட்டுவிட்டுக் கல்வேலியோடு ஒட்டிப் படுத்துவிட்டேன். "அக்கா, எழும்புங்கோ. அது வீடியோ எடுக்கிற ட்ரோன்" என்று பக்கத்து வீட்டுக்காரி தூக்கிவிட்டாள். சிறுசுகள் சிரித்தன. எனக்கும் வெட்கம்தான். ஆனால் மெழுகுதிரியைத் திரும்ப எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் மகன் ஐரோப்பாவுக்கென்று ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிப் போனான். வழியில் ஏதோ ஒரு பனி நாட்டில் மறித்து, அவனுக்கு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கி, படை உடுப்பை மாட்டிவிட்டார்கள். இப்போது போர்முனையில் ஒரு குழிக்குள் இருக்கிறான். "அம்மா, இஞ்சை ஒருத்தரும் முன்னுக்குப் போறேல்லை. பத்துப் பேரை அனுப்புவினம், அவை முடிஞ்சா இன்னும் பத்துப் பேர். மற்றப் பக்கமும் அப்பிடித்தான். ஆரிட்டை ஆக்கள் முதல் முடியுதெண்டு பாக்கினம்" என்று ஃபோனில் சொன்னான்.

அதைக் கேட்டதும் உங்கள் நினைவுதான் வந்தது. சண்டையில் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் கிடந்த காலம். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் போட்டு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னீர்கள்: "ஆமிக்கு எங்களை அடிச்சு வெல்லத் தேவையில்லை. நாங்கள் களைக்குமட்டும் பாத்துக்கொண்டிருந்தாப் போதும்." அன்று சவர்க்காரமும் மண்ணெண்ணெயும்தானே முடிந்தன, எப்படியோ சமாளித்தோம்.

ஷெல் விழும்போது எங்களை இரண்டு பங்கரில் பிரித்து வைப்பீர்கள். மகளோடு நான், மகனோடு நீங்கள். செத்தால் ஒன்றாய்ச் சாவோமே என்று அழுதேன். "ஒரு பக்கமாவது மிஞ்சவேணும். நீர் பேசாமல் இரும்" என்று அதட்டினீர்கள். நான் எங்கே பேசாமல் இருந்தேன்? ஒவ்வொரு ஷெல்லுக்கும் பிறகு கத்திக் கூப்பிடுவேன். "இருக்கிறம், இருக்கிறம்" என்று எரிச்சலோடு பதில் வரும். அந்த எரிச்சலைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

இவனைக் கூப்பிட எனக்கு வழியில்லை. போன கிழமை கதைத்தபோது, "நீங்கள் எனக்குக் கோல் எடுக்காதேங்கோ அம்மா. ஃபோன் அடிச்சா நாங்கள் இருக்கிற இடம் பிடிபட்டு ட்ரோன் வந்திடும். நானே எடுக்கிறன்" என்றான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நானே எடுத்துவிடுவேனோ என்று ஃபோனை ஒளித்து வைக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். அவன் எடுத்தால் எனக்குக் கேட்காமல் போய்விடுமே என்று பயந்து உடனேயே திரும்ப வாங்கினேன். இப்போது மடியிலேயே வைத்திருக்கிறேன். அவன் பெயர் திரையில் மேலேயே தெரிகிறது. ட்ரோனை விட, ஷெல்லை விட, எனக்கு என் விரலைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.