திண்டி ஆய்தா?

டிசம்பர் 17, புதன்

காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி கேட்டில் மறுபடியும் வரிசை நீண்டுவிட்டது. ஒரு ஆளைச் சோதிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் அளந்துகொண்டிருந்தேன். அதைக் குறைப்பதுதான் என் வேலை. செக்யூரிட்டி மஞ்சுளாக்கா ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். கன்னடக்காரியிடம் "திண்டி ஆய்தா?", தெலுங்குக்காரியிடம் "தின்னாவா?" இந்தப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டும் என்று நேற்றே அறிக்கையில் எழுதியிருந்தேன்.

ஒரு பெண் கார்டை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க்.

"தின்னாவா, லட்சுமி?"

"ம்... சாப்ட்டேன்க்கா."

மஞ்சுளாக்கா கையை நீட்டி மறித்தார். "லட்சுமி எங்கிட்ட தமிழ் பேசமாட்டாளே. நீ யாரு?"

பின்னால் பஸ்கள் ஹார்ன் அடித்தன. "விடுங்கக்கா, லைன் நிக்குது" என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாஸ்க்கைக் கழற்றியவள் அழுதுவிட்டாள். ஹாஸ்டலில் லட்சுமியோடு தங்கியிருப்பவளாம். லட்சுமிக்குக் காய்ச்சல். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று பயந்து, தன் கார்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். லட்சுமி நிற்பது இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில். இவள் அந்த மெஷினைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கண்ணைத் துடைத்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தனை பேரில் யாருக்கு எந்த பாஷை என்று எப்படித்தான் மனதில் வைத்திருக்கிறாரோ! அறிக்கையில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூன்று வருடமாக என்னிடமும் தினமும் "சாப்ட்டீங்ளா சார்?" என்று கேட்கிறார். மரியாதைக்குக் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன்.