கடினமான கைகள்

இல்லைடி, உன் கையின் அதிர்வு என் விரலை விட்டு இன்னும் போகவில்லை. மண்ணூர் பேருந்தில் சன்னல் கம்பியைப் பிடித்தால் அதே அதிர்வு. டயாலிசிஸ் ஊசிக்காக உன் இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். உர்ரென்று அதிரும் அந்தத் தழும்பின் மேல் என் விரலை வைத்து, "பூன கீது பாரு உள்ள" என்பாய். நான் கையை இழுத்துக்கொள்வேன்.

உன் கையில் ஊசி எளிதில் இறங்காது. மற்ற நர்சுகள் தடவிப் பார்த்துவிட்டு, "மூத்த சிஸ்டர்கிட்ட போம்மா" என்பார்கள். அந்த டயாலிசிஸ் பிரிவின் வழக்கம் அது. குழாய் புதைந்தவர்கள், கை வீங்கியவர்கள் எல்லோரும் அவரிடம்தான். அவருக்கும் சில முறை தவறும்.

"இன்னா சிஸ்டர், கோலமா போடுற?"

"ஆடாம இருடி. இல்லன்னா புள்ளியும் சேத்து வெப்பேன்."

தொண்ணூற்றொன்றில், மழைக்கு முன், தலைமை மருத்துவர் சுவரில் ஒரு பலகை மாட்டினார். ஒவ்வொரு நர்சும் தவறவிட்ட ஊசிக்கு ஒரு கோடு. தரத்தை அளக்க வேண்டும் என்றார். மூத்த சிஸ்டரின் பெயருக்கு எதிரே கோடுகள் நிறைந்தன. அவரை ஊசி போடுவதிலிருந்து விலக்கி, டயாலிசிஸ் வடிகட்டிகளைக் கழுவும் அறைக்கு அனுப்பினார்.

அன்று கம்பெனிச் சீருடையோடு வந்திருந்தாய். வேறு இருவர் குத்திப் பார்த்தார்கள். கை நீலமாக வீங்கியது. "அவங்க வந்தப்பறம் சொல்லு" என்று எழுந்துவிட்டாய். அடுத்த முறையும் வரவில்லை.

உன் வீட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உடம்பில் நீர் ஏறி, படுத்தால் மூச்சு முட்டியது.

"போலாம் வாடி."

"அவங்க கீறாங்களா?"

இல்லை என்றேன். மறுநாள் நீ இல்லை.

பலகையில் அதற்கு இடமில்லை. உன் கையில் தவறிய ஊசிகள் மட்டும் மூத்த சிஸ்டரின் பெயருக்கு எதிரே அப்படியே இருந்தன. நீ போன பிறகும் உன் கை அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

பிறகு ஒருநாள் அங்கே போனேன். வாலாஜாபாத்துக்காரர் ஒருவர், வீங்கிய கையை மடியில் வைத்திருந்தார். என்னை நர்ஸ் என்று நினைத்து, "அந்த மூத்த சிஸ்டர் வருவாங்களா, வூட்டுக்குப் போவட்டுமாம்மா?" என்றார்.

தலைமை மருத்துவரிடம் சொன்னேன்: "கஷ்டமான கை எல்லாம் அவங்ககிட்டதான் சார் போவுது. கஷ்டமான கை, சுலபமான கைன்னு பிரிச்சு எண்ணணும்."

"புள்ளியியல் படிக்கிற பொண்ணுதானே. எண்ணிக் காட்டு."

பிரிவின் பதிவேட்டை எடுத்து எண்ணினேன். எளிய கைகளில் எவரும் அதிகம் தவறவில்லை. கடினமான கைகளில் மிகக் குறைவாகத் தவறியவர் மூத்த சிஸ்டர். மருத்துவரின் விரல் தாளில் உன் பெயரில் நின்றது.

"இந்தப் பேஷண்ட் இப்ப எங்க?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிஸ்டரைக் கூப்பிடும்மா."

வாலாஜாபாத்துக்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, வடிகட்டி கழுவும் அறைக்கு நடந்தேன்.