பொடி எழுத்து

என் அன்பானவனுக்கு,

கண் டாக்டர் உன்னிடம் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது: "லேசர் பண்ணதுல கருவிழி மெலிஞ்சுபோச்சு. இந்த லென்ஸ் போட்டாத்தான் தெளிவாத் தெரியும். அதையும் தினம் கொஞ்ச நேரந்தான் கண்ணு தாங்கும்."

அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க ஏன் கார்னிவல் திருவிழா ஆட்ட ஒத்திகைக்கே போகிறது?

நேற்று சோள அடை வாங்கப் போன அரேபா கடையில் உன் ஆட்ட ஜோடி யாதிரா சிரித்தாள்: "என் கம்மல்ல ஒரு முத்து விழுந்ததை உங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சாரு அக்கா. என்னா கண்ணு அவருக்கு."

நான் கூந்தலை ஒட்ட வெட்டி ஒரு வாரமாகிறது. நீயோ வாசலிலேயே லென்ஸைக் கழற்றிவிட்டு, மங்கலாகத் தெரிகிற யாரோ ஒருத்தியிடம் காபி கேட்கிறாய்.

அதனால்தான் இவ்வளவு பொடியாக எழுதினேன். இதைப் படிக்க லென்ஸ் போட்டிருப்பாய். கழற்றாதே. எதிரில்தான் நிற்கிறேன், நிமிர்ந்து பார்.

உன் வீட்டுக்காரி