கவிழ்ந்த நுரைக்கொப்பரை குறித்து வல்லாற்று மன்னருக்கு

நலம் பெருகுக, நீர்நிலைகள் நிறைக. வெண்குன்ற நாடாளும் அரசி நீலநங்கைப் பெருமாட்டியின் திருவாய்மொழிப்படி, முதலமைச்சன் கண்டன் மாறவேள் எழுதுவித்த இவ்வோலை, ஏழு துறைகளின் காவலரும், யானைப்படை உடையவரும், தம் பெருமையைத் தம் புலவர்கள் வாயால் நாள்தோறும் கேட்டு மகிழ்பவருமான வல்லாற்று நாட்டு மன்னர் வீரபாகு தேவர் திருமுன் வைக்கப்படுவதாகுக. தங்கள் குடிகள் நலமாக வாழ்க. அவர்கள்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

தாங்கள் விடுத்த ஓலை கண்டோம். எங்கள் இளவரசி உமையாள் நங்கையை மணம் கொள்ள வந்த தங்கள் இளவல் சயந்த தேவர், எங்கள் மாளிகைத் தரையில் விழுந்து பட்டாடை கெட்டார் என்றும், பணிமகள் சாத்தியே அதற்குக் காரணம் என்றும், அவளைக் கைகட்டி எல்லைக்கு அனுப்பினாலன்றி மணம் நடவாது என்றும் அதில் எழுதியிருந்தது. தங்களுக்குச் செய்தி எழுதியனுப்பியவர் இளவல்தான் என்பதால், நடந்தது எதுவும் தங்களுக்குத் தெரியாது என்றே கொள்கிறோம். ஆகவே முதலிலிருந்து சொல்லுகிறோம்.

மணத்துக்கு முன் மாளிகையின் கம்பளங்களை வெளுப்பது எங்கள் வழக்கம். அன்று மழை விடாமல் பெய்ததால் வேலையை முற்றத்தில் செய்ய முடியவில்லை. கூடத்தின் நடுவே கல் முட்டுக்கொடுத்து, ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கத்தக்க செப்புக்கொப்பரையை ஏற்றி, விளிம்பு வரை அழுக்கு நீக்கி நுரைக்கும் பூந்திக்கொட்டைச் சாறு கரைத்து, சாத்தியும் வேறிரு பெண்களும் கம்பளம் அலசிக்கொண்டிருந்தார்கள். உமையாள் நங்கையும் அருகே நின்று, எந்தக் கம்பளம் மணவறைக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாத்தி அவரைவிடச் சில வயது மூத்தவள். இருவரும் ஒரே குளத்தில் நீந்தக் கற்றவர்கள். இளவல் எழுதியனுப்பிய இனிய ஓலைகளை நங்கை அவளிடம்தான் படித்துக் காட்டுவார். அந்த மணத்தை அன்று காலை வரை அவர் மனமார விரும்பியிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

இளவல் தம் ஏவலர் இருவருடன் தலைவாயிலில் வந்து நின்றார். கூடத்தில் வேலை நடப்பதால் பக்கவாயிலால் வந்தருள வேண்டும் என்று காவலன் பணிந்து சொன்னான். மணமகன் பக்கவாயிலில் நுழைவதில்லை என்று கூறி அவர் உள்ளே வந்தார். கொப்பரையை அகற்றச் சொன்னார். நிறைந்த கொப்பரை, தூக்க நான்கு ஆடவர் வேண்டும், அழைக்க ஆள் போயிருக்கிறது, சற்றுப் பொறுத்தருள்க என்றாள் சாத்தி. பொறுப்பதென்பது தங்கள் குலத்துக்கு ஆகாது போலும். இளவல் முட்டுக்கல்லைக் காலால் உதைத்தார்.

கொப்பரை சாய்ந்தது. தாங்கிப் பிடிக்கப் பாய்ந்த சாத்தியை அது புரட்டித் தூணடியில் தள்ளியது. அவள் முழங்காலின்கீழ் எலும்பு முறிந்தது. சாறு சுவருக்குச் சுவர் பரவியது. இளவலின் வீரம் அப்போதுதான் வெளிப்பட்டது. கூடத்து ஊஞ்சல்மேல் ஒரே தாவலில் ஏறி, அதில் விரித்திருந்த தடித்த கம்பளத்தின்மேல் நின்று, ஆடையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, சங்கிலியை இறுகப் பற்றினார். கீழே ஒருத்தி கால் முறிந்து அலறிக்கொண்டிருக்க, பூந்திக்கறை பட்டிலிருந்து போகுமா என்பது அவர் கேட்ட முதற்கேள்வி. நீரூற்றிக் கழுவுங்கள் என்பது அவர் இட்ட முதற்கட்டளை.

நுரைமேல் நீரூற்றினால் என்னவாகும் என்று தன் தலையை ஒருமுறையேனும் தானே தேய்த்துக் குளித்த எவரும் அறிவர். இளவல் அறியார். ஏவலர் குடம் குடமாகக் கொட்டினர். நுரை பொங்கி எழுந்து, தரையில் கிடந்த சாத்தியின் முகத்தை மூடியது. ஏவலரில் ஒருவன் வழுக்கி விழுந்தான். மற்றவன் குடத்தைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். சாத்தி மூச்சுக்குத் திணறும் ஒலி மட்டும் நுரைக்குள்ளிருந்து கேட்டது.

உமையாள் நங்கை அந்த நேரத்தில் ஊஞ்சலை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்ததாகவும், இவர் ஓலைக்காகவா இத்தனை நாள் வாசலைப் பார்த்திருந்தேன் என்று தமக்கே கூசியதாகவும் பின்னர் அரசியாரிடம் சொன்னார். கூச நேரமில்லை. இனி ஒரு சொட்டு நீரும் ஊற்றலாகாது என்று ஆணையிட்டு, நெற்களஞ்சியத்திலிருந்து உமிக்கூடைகளை வரவழைத்தார். சேலையை வரிந்து கட்டி, உமியை அள்ளி அள்ளி முன்னே இறைத்து, கால் பதியும் அளவுக்குத் தரை காய்ந்ததும் அதன்மேல் கைகளும் முழங்கால்களும் ஊன்றித் தவழ்ந்து சென்று, சாத்தியின் தலையைத் தம் மடியில் தூக்கி வைத்து, வாயிலும் மூக்கிலும் அடைத்த நுரையை வழித்தார். சாத்தி இருமினாள். பின், என்னை விட்டுவிடுங்கள் அம்மா, உங்கள் சேலை கெடுகிறது என்றாள். கெடட்டும் என்றார் நங்கை.

முறிந்த காலோடு அவளைத் தூக்க இயலாது. கிடத்தி இழுக்கத் தடித்த விரிப்பு வேண்டும். அலசிய கம்பளங்களெல்லாம் சாறு ஊறிக் கனத்திருந்தன. உலர்ந்திருந்தது ஒன்றே, அதன்மேல் இளவல் நின்றிருந்தார். நங்கை அதைத் தரும்படி முறையாகக் கேட்டார். தந்துவிட்டால் நான் எதன்மேல் நிற்பது என்று இளவல் கேட்டார். நங்கை மறுமுறையும் கேட்டார்; ஏவற்பெண்ணுக்காக இளவரசி தரையில் உழல்வது தம் குடிக்கு இழுக்கு என்று விடை வந்தது. மூன்றாம் முறை நங்கை கேட்கவில்லை. கம்பளத்தின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

தங்கள் இளவல் விழுந்த வரலாறு இதுவே. அவரை வீழ்த்தியவள் சாத்தி அல்லள், எங்கள் இளவரசி. இதைத் தெளிவாக எழுதுமாறு நங்கையே எனக்குச் சொன்னார்.

சாத்தி வெளியே கொணரப்பட்டாள். எலும்பு கட்டும் வைத்தியர் வந்தார். கால் கூடிவிடும் என்கிறார். பின்பு நங்கையும் பெண்களும் நுரையை முறத்தால் வாரி, எஞ்சியதைப் புளிநீர் தெளித்து அடக்கி, ஊறிய உமியைக் கூட்டியள்ளி, பழந்துணியால் ஒற்றியெடுத்து, எல்லாம் அடங்கிய பிறகே நல்ல நீர்விட்டுத் துடைத்தார்கள். எழ முயன்று எழ முயன்று மும்முறை விழுந்த இளவல், பிறகு முயலாமல் படுத்திருந்தார். அவர் கிடந்த இடம் கடைசியாகத் துடைக்கப்பட்டது.

அன்று மாலை அரசியார் நங்கையை அழைத்து, இரு நாட்டு உறவும் இம்மணத்தில் தங்கியிருக்கிறது, உன் மனம் என்ன என்று வினவினார். எல்லையில் போர் வந்தால் நானே முன்நின்று காப்பேன், ஆனால் என் வீட்டில் ஒருவர் விழுந்து கிடக்கையில் தம் பட்டாடையைப் பார்த்தவரோடு ஒரு கூரையின்கீழ் இருக்க மாட்டேன் என்றார் நங்கை. அரசியார் அதற்கு இசைந்தார்.

ஆதலின் அறிக: சாத்தி அனுப்பப்படமாட்டாள். மணம் நடவாது. தங்கள் பரிசில்கள் கட்டவிழ்க்கப்படாமல் எல்லைத்துறையில் வைக்கப்பட்டுள்ளன. தங்கள் இளவல் விருந்தினர் மாளிகையில் நலமாக உண்டு உறங்குகிறார். மணநாள் எது என்று நேற்றும் கேட்டார். நாங்கள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. தாங்கள் விளக்குக. வளர்பிறைக்குள் அவரை அழைத்துச்செல்லப் பல்லக்கு அனுப்புக; அனுப்பாவிடில் எங்கள் மாட்டுவண்டியில் வருவார்.

இஃது அரசியார் ஆணை. வெண்குன்றத்து எருது முத்திரை இட்டு, அவையோர் காண ஓலை கட்டப்பட்டது. மறுமொழி வேண்டியதில்லை.