நீ கண்ட சிவப்பு

நேற்று மதியம் இந்த நகரத்துச் சீனர் பேட்டையான சோலோனில் கயிறு விற்கும் கடை ஒன்றின் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி கட்டக் கயிறு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் நைலான் சுருள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். மெழுகு பூசிய கயிறு. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அந்த மெழுகு வாசனை மெல்ல மேலே எழுந்தது. தெருவில் லாரிகளும் மோட்டார் பைக்குகளும் போட்ட சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல இருந்தது. இலைகள் தெரிந்தன. ஈரமான, அசையாத இலைகள். அவற்றின் நடுவே குனிந்து நிற்கும் உன் முதுகு.

நீ இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. காட்டுக்குள் போன அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் பிறகு பேசியதே இல்லை. இப்போது பேசிவிடுகிறேன்.

பென்-தான் என்கிற பெரிய சந்தைப் பக்கம், ஒரே ஜவுளிக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று துணி கிழித்தவர்கள் நாம். நீ காரைக்காலிலிருந்து வந்தவன். நான் காரைக்கால் அப்பாவுக்கு இங்கே வியட்நாமிலேயே பிறந்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் குறையைக் கண்டுபிடித்துவிட்டாய். சிவப்புப் பட்டு கேட்ட அம்மாளுக்கு நான் பச்சையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான், பிறவியிலேயே அப்படி. முதலாளிக்குத் தெரிந்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். நீ ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஒவ்வொரு துணிச் சுருளின் ஓரத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் நிறத்தின் பெயர் தமிழில் இருந்தது. குங்குமம், அரக்கு, மாதுளை, செங்கல். உன் கண்ணுக்குச் சிவப்பு என்று ஒரு நிறம் கிடையாது. ஒரு பெரிய குடும்பமே உண்டு.

பிறகு போர் முடிந்து நகரம் கைமாறியது, பெயரும் மாறியது. கடை மூடிற்று. ஊருக்குத் திரும்புகிறவர்கள் திரும்பினார்கள். உனக்கும் விமானத்தில் இடம் கிடைத்தது, நீ போகவில்லை. "இங்கயே பழகிடுச்சு மாப்ளே" என்று சொல்லிவிட்டாய். என் மனைவி லான் வியட்நாம்காரி என்பதால் எனக்குப் போகிற கேள்வியே எழவில்லை. புது அரசு எங்கள் இருவரையும் விவசாயம் செய்யப் புதுக் குடியேற்றத்துக்கு அனுப்பியது. நகரத்திலிருந்து பஸ்ஸில் பாதி நாள் தூரம். செம்மண், தகரக் கூரை, கண்ணுக்கு எட்டும்வரை மரவள்ளி, அதற்கப்பால் காடு.

துப்பாக்கி எதுவும் யாரிடமும் இருக்கக் கூடாது என்பது உத்தரவு. அதனால் வில். பக்கத்துக் குடிசையில் இருந்த மலைவாசி ஒருவர் மூங்கிலைத் தீயில் வாட்டி வளைத்துக் கொடுத்தார். பாராசூட்டிலிருந்து உருவிய கயிற்றைத் தேன்மெழுகில் தேய்த்து நாண் முறுக்கிக்கொண்டேன். குறி வைக்க வந்துவிட்டது. அடிபட்ட மிருகத்தைத் தேடிப் பிடிக்கத்தான் வரவில்லை. பச்சை இலை மேல் விழுந்த ரத்தம் என் கண்ணுக்கு வெறும் ஈரம். இரண்டு மான்களை அப்படித் தொலைத்தேன். அவை எங்கே போய் எப்படிச் செத்தன என்று தெரியாமல் சாப்பாடு இறங்காத நாட்கள் உண்டு. ஆனால் சாப்பாடு என்பதே அப்போது மரவள்ளிதான். லான் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கால்கள் வீங்கியிருந்தன. குடியேற்றத்து நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "இவளுக்கு மீனோ கறியோ முட்டையோ ஏதாவது கொடுங்கள். இப்படியே விட்டால் பிரசவம் தாங்க மாட்டாள்" என்று சொல்லிப் போனாள்.

அந்த வாரம்தான் நீ நகரத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்தாய். ஒரு பை நிறைய மலேரியா மாத்திரை, சர்க்கரை, லானுக்கு ஒரு பழைய சால்வை. சுவரில் வில்லைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடுகிறவன் நீ.

"என்னடா இது?"

"வில்லு. காலையில கொல்லைப் பக்கம் மான் வருது. அடிச்சது ரெண்டு தொலைஞ்சே போச்சு."

"பாவம்டா மாப்ளே. அதுக்கும் வயித்துல குட்டி இருக்கும்."

"இவ வயித்துலயும் இருக்குல்ல?"

லான் வேகவைத்த கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். குனிந்து சாப்பிட்டாய். என் மேல் உனக்குக் கோபமா, உன் மேலேயா என்று தெரியவில்லை.

விடியும்போது நீ என்னோடு எழுந்து வந்தாய். பனி தரையோடு படுத்திருந்தது. மரவள்ளிச் செடிகள் பாலில் நிற்பதுபோல நின்றன. அந்தப் பாலிலிருந்து, நாய் மாதிரிக் குரைக்குமே, அந்தச் சின்ன மான் தலையைத் தூக்கியது. கொம்பு இருந்தது, ஆண். உன் மூச்சு நின்றதை என் காதால் கேட்டேன். நாணை விட்டேன். சதையில் பாய்கிற சத்தம் வந்தது. மான் ஒரு துள்ளுத் துள்ளிக் காட்டுக்குள் மறைந்தது. பனி மறுபடி மூடிக்கொண்டது. ஒன்றும் நடக்காதது போல.

அம்பு மானைத் துளைத்து அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், குடல் நாற்றம் இல்லை. விரலில் பிசுபிசுப்பு மட்டும். உன்னிடம் நீட்டினேன்.

"என்ன நிறம்?"

நீ வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ரொம்ப நேரம் கழித்துத்தான் கையை நீட்டினாய்.

"இதுவும் போயிடுமா?" என்று கேட்டாய்.

"எனக்கு ரத்தம் தெரியாதுல்ல. இதுவும் போயிடும்."

"அடிச்சதே தப்பு. அடிச்சிட்டு அப்படியே விட்டா அதைவிடத் தப்பு." அம்பை வெளிச்சத்தில் பிடித்தாய். துணி பார்க்கிற அதே பார்வை. "அரக்கு. கொஞ்சம் கறுப்பு ஓடுது. நுரை இல்லை."

நுரை இல்லாத கறுத்த ரத்தம் என்றால் ஈரலில் பட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அப்படிப் பட்ட மான் தூரம் போகாமல் படுத்துக்கொள்ளும். உடனே துரத்தினால் எழுந்து ஓடி, எங்கோ கிடந்து வெகுநேரம் துடித்துச் சாகும். காத்திருக்க வேண்டும். ஆனால் கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் உன் கண்ணுக்கும் ஒன்றும் மிஞ்சாது. இருவரும் ஒரு கட்டையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காலையை நான் பார்த்ததில்லை. வெயில் ஏறி, பனி முழுக்க விலகிய பிறகு எழுந்தோம்.

கடைசியாக ரத்தம் கண்ட இடத்தில் நான் நிற்பேன். நீ அடுத்த துளியைத் தேடுவாய். கிடைத்ததும் உன் வெள்ளைத் துண்டிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துக் கிளையில் கட்டுவாய். பிறகு நான் அங்கே போய் நிற்பேன். இப்படியே நகர்ந்தோம். "மாதுளை" என்பாய். "இங்க அரக்கு. தேங்கி நின்னிருக்கு." நின்றிருந்தால் களைத்துவிட்டது என்று அர்த்தம், பக்கத்தில்தான் இருக்கும் என்பேன். நீ பார்ப்பாய், நான் படிப்பேன். இருவருமாகச் சேர்ந்து ஒரு வேட்டைக்காரன். காடு நம்மைச் சுற்றி மெல்ல மூடிக்கொண்டது. எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. கனவில் நடக்கிறவர்கள் மாதிரி, சத்தமில்லாமல், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தோம்.

மூங்கில் புதரருகே தடம் அறுந்தது. நீ மண்டியிட்டுத் தவழ்ந்தாய். முழங்கை கிழிந்தது. முதல் தூறல் விழுந்தபோது நான் மெதுவாக, "போதும், வா. பார்த்தாச்சு" என்றேன்.

நீ தலையைத் தூக்கவே இல்லை. "நீ சும்மா நில்லு."

ஓர் இலையைப் புரட்டினாய். மழை படாத அதன் அடிப்பக்கம், மானின் விலா உரசிப் போகிற உயரத்தில், ஒரு தீற்றல் இருந்ததாம். எனக்கு அது நிழலாகத்தான் தெரிந்தது.

அந்தத் தீற்றலுக்கு அப்பால் துருப்பிடித்த முள்கம்பி ஓடியது. போர்க் காலத்துக் கம்பி. அதைத் தாண்டாதீர்கள், கண்ணி வெடி கிடக்கிறது என்று வந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின கோடையில் எருமை ஒன்று அங்கேதான் சிதறியது. கம்பிக்கு அந்தப் பக்கம் நீ கையைக் காட்டினாய்.

"அதோ இருக்குடா. கண்ணு முழிச்சிருக்கு."

பதினைந்தடி தூரம்கூட இராது. புல்லில் ஒரு பழுப்பு மேடு. காது அசைந்தது எனக்கும் தெரிந்தது.

"மான் மிதிச்ச எடத்துலயே மிதிச்சுப் போயிடலாம்" என்றாய்.

"அது கனம் வேற, நம்ம கனம் வேற."

"அப்ப நீ இரு. உனக்குப் புள்ள வரப்போவுது. கத்தியைக் குடு."

கத்தியை நான் கொடுக்கவில்லை. ஆனால் காலும் எழவில்லை. அந்த ஒரு கணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய்விட்டாய். குளம்புத் தடத்தில் கால் வைத்து, நின்று, பார்த்து, அடுத்த காலை வைத்து. மழை உன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நீ பாதி தூரம் போன பிறகுதான் என் கால் எழுந்தது. உன் காலடிகள் மேல் என் காலை வைத்து வந்தேன். நீ மிதித்து வெடிக்காத இடம் என்பதால். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ அதன் தலைமாட்டில் உட்கார்ந்து உள்ளங்கையால் கண்ணை மூடினாய். "சீக்கிரம்" என்றாய், அவ்வளவுதான். நான் முடித்தேன். அதன் கால்கள் ஒருமுறை ஓடின, எங்கோ போவதுபோல. பிறகு மழைச் சத்தம் மட்டும். நீ கையை எடுக்கவில்லை. நான்தான் உன் மணிக்கட்டைப் பிடித்து எடுத்துவிட்டேன். உள்ளங்கை சுட்டது.

வெள்ளைக் கீற்றுகள் வழி காட்ட, முறைபோட்டுத் தோளில் சுமந்து திரும்பினோம். பக்கத்துக் குடிசைகளுக்குப் பங்கு போனது. லான் அன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கேட்க வெட்கப்பட்டுச் சிரித்தாள். நானும் சாப்பிட்டேன், ருசித்து, எலும்பை உறிஞ்சி. நீ வாசல் பக்கம் உட்கார்ந்து கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றாய். மீதியை உப்பும் எலுமிச்சைப் புல்லும் தடவி உலர்த்தினோம். அது அவளைப் பிரசவம் வரை கொண்டுசேர்த்தது. மகள் பிறந்தாள். இருவரும் பிழைத்தார்கள். நாங்கள் நகரத்துக்குத் திரும்பிய பிறகு, என் மகள் உன்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டபோதெல்லாம் உன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

உன் காரியம் முடிந்த மறுவாரம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போனேன். நாற்பது வருடத்துக்கு மேலாக வாசலில் பூ விற்கிற அந்தக் கிழவி என்னை நிறுத்தினாள். "உங்கள் நண்பர் நல்ல மனிதர், ஆனால் ரொம்ப வருடம் முன்னால் கொஞ்ச நாள் விசித்திரமாக இருந்தார்" என்றாள் வியட்நாமியத்தில். ஒரு மழைக்காலத்தில் இரண்டு மாதம் நீ உள்ளே போகவே இல்லையாம். தினமும் வருவாயாம், பூ வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிட்டு, குடையும் இல்லாமல் வாசலிலேயே நிற்பாயாம். ஏன் என்று அவள் கேட்டாளாம். "ஓர் உயிர் போன இடத்தில் என் கை இருந்தது. ஒரு குழந்தை பிறக்க வேண்டும். பிறந்த செய்தி வரட்டும், உள்ளே போகிறேன்" என்றாயாம்.

செய்தி வந்த அன்று இரண்டு மடங்கு பூ வாங்கினாயாம். அதை அவள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

கொன்றது என் கை. தின்றது என் வாய். தயங்கியது என் கால். வாசலில் நனைந்தது நீ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி. சொல்லியிருந்தால் நானும் வந்து பக்கத்தில் நின்றிருப்பேன். நின்றிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். தெரியவில்லை.

நீ எங்கே நிற்பாய் என்று அவளைக் கேட்டேன். சுவரோரம் ஓரிடத்தைக் காட்டினாள். அங்கிருந்து அம்மன் தெரியவில்லை. விளக்கின் வெளிச்சம் மட்டும் தூணில் படிந்து ஆடுகிறது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய் நிற்கிறேன். மகளும் ஒருநாள் கூட வந்தாள். "உள்ள வரலையாப்பா?" என்றாள். "நீ போயிட்டு வாம்மா" என்றேன். அவள் பூவோடு படியேறி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.