பச்சை பிடித்த சிப்பிகளை மறுபடியும் சோதிக்கக் கோருவது

அனுப்புநர்
சிப்பி எடுக்கும் பெண்,
கடைசி வீடு, படகுத்துறைத் தெரு.

பெறுநர்
சுற்றுச்சூழல் அலுவலர் அவர்கள்,
ஆய்வுப் பிரிவு, மேல்மாடி.

பொருள்: முலாம் பூசும் ஆலையின் கழிவால் கழிமுகச் சிப்பிகள் நிறம் மாறியது – மறுசோதனை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நன்றி. ஊரார் கொடுக்கும் பொருள்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு முலாம் பூசும் ஆலை, எங்கள் சிப்பிகளுக்கு மட்டும் இலவசமாகவே பூசித் தருகிறது. ஆலைக் குழாய் கழிமுகத்தில் விழும் இடத்தில் சிப்பிச் சதை பச்சை நிறமாகிவிட்டது. வாயில் வைத்தால் பித்தளைச் சாவியைச் சப்பியது போலிருக்கிறது. வியாபாரி தொடுவதில்லை. விற்காதது எங்கள் அடுப்புக்கு வருகிறது.

2. சென்ற மாதம் தங்கள் ஆய்வாளர் வந்தார். காலணியில் சேறு படக்கூடாது என்ற நியாயமான காரணத்தால் எங்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு அமர்ந்து, சிப்பிகளைக் கொண்டுவரச் சொன்னார். என் கணவரும் கொண்டுவந்தார், குழாயடியிலிருந்து அல்ல, கடலோரப் பாறையில் பார்த்துப் பார்த்துப் பெயர்த்த நல்ல சிப்பிகளை. "வீடு தேடி வந்த மனுஷனுக்கு அந்தப் பச்சை புடிச்சதையா குடுக்கறது?" என்று பிறகு என்னையே கேட்டார். சோதனைக்கும் விருந்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன் என்பதைத் தாங்கள் கருணையோடு கவனிக்க வேண்டும்.

3. சிப்பிகள் உண்ணத் தகுந்தவை என்று அறிக்கை வந்தது. ஆலையார் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். நடந்ததைத் தங்கள் அலுவலகத்தில் வந்து சொன்னேன். அறிக்கை வந்தபின் எதுவும் மாறாது என்று எழுத்தர் விளக்கினார். சிப்பிகளிடமும் தெரிவித்துவிட்டேன், அவை கேட்பதாயில்லை.

4. ஐயா, என் மருமகள் கர்ப்பிணி. ஆலைக் கழிவிலிருந்து சிப்பியில் ஏறும் உலோகம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, சிப்பியைத் தொடவே கூடாது என்கிறார் மருத்துவர். தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறது தங்கள் முத்திரை. வேறு எதைச் சாப்பிடுவது என்று இருவருமே சொல்லவில்லை. நானும் அவளும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இதில் மட்டும் இருவருக்கும் ஒரே பயம். சட்டியில் வேறொன்றும் இல்லாத நாள்களில் அவள் அதைச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

5. ஆகவே, ஆய்வாளரே குழாயடியில் இறங்கிச் சிப்பி எடுத்துச் சோதிக்கவும், முடிவு தெரியும்வரை குழாயை மூடவும் உத்தரவிட வேண்டுகிறேன். காலணியை நானே கழுவித் தருகிறேன். அன்று என் கணவரை வெளியூர் அனுப்பிவிடுவேன், உபசாரம் எதுவும் இருக்காது. இந்த முறை, நாங்கள் சாப்பிடுவதையே தங்களுக்கும் தருவோம்.

இடம்: படகுத்துறைத் தெரு
நாள்: ஆலை வாசலில் அறிக்கை மாட்டிய மறுவாரம், திங்கட்கிழமை

இப்படிக்கு,
உண்ணத் தகுந்ததை உண்டு வரும்,
கடைசி வீட்டுக்காரி
(கையொப்பம்)